பத்து முறை தோற்ற சாம்பியன்கள்

1983 என்றால் இந்திய ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், கபில்தேவ் கையில் கோப்பை. யாரும் எதிர்பார்க்காத அணி, யாராலும் வெல்ல முடியாது என்று நினைத்த அணியைச் சாய்த்த நாள் அது. ஆனால் அதற்குச் சரியாக 82 நாட்கள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவில் இதே மாதிரி இன்னொரு கதை நடந்து முடிந்திருந்தது. ஆட்டம் கூடைப்பந்து. அணி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அணி. சுருக்கமாக என்.சி. ஸ்டேட்.

அமெரிக்கர்கள் இந்தக் கதையை ஒரு அதிசயமாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். கடைசி விநாடியில் விழுந்த ஒரு கூடை, ஓடித் திரிந்த ஒரு பயிற்சியாளர், அவ்வளவுதான்! ஆனால் அந்த சீசனின் முதல் இரண்டு மாதங்களைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. ஏப்ரலில் அந்த அணியை ஜெயிக்க வைத்த பலமும், ஜனவரியில் அதைத் தோற்கடித்த பலவீனமும் ஆரம்பத்திலேயே அங்கே இருந்தன. அதிசயம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பகுதி காணாமல் போய்விடுகிறது.

கல்லூரி ஆட்டம் என்றால் சும்மாவா?

அமெரிக்காவில் கல்லூரி கூடைப்பந்து என்பது இங்கே நடக்கும் இன்டர் காலேஜ் போட்டி மாதிரி இல்லை. பல்லாயிரம் பேர் அமரும் அரங்குகள், நாடு முழுக்க டிவி ஒளிபரப்பு, பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி என்று பெரிய திருவிழா அது. அப்போது சீசன் நவம்பர் கடைசியில் தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் வட்டார வாரியாகச் சில குழுக்களாகப் பிரிந்திருக்கும். என்.சி. ஸ்டேட் இருந்தது ஏ.சி.சி. என்ற அட்லாண்டிக் கடற்கரைக் குழுவில். அப்போது அதில் 8 பல்கலைக்கழகங்கள். அந்தக் குழுவுக்குள் ஜெயிப்பதே நாட்டை ஜெயிக்கிற மாதிரி. ஏனென்றால் முந்தைய வருட தேசிய சாம்பியன் நார்த் கரோலினா அதில்தான் இருந்தது. அந்த அணியில் இளம் மைக்கேல் ஜோர்டான்! இன்னொரு பக்கம் வர்ஜீனியா. அதில் 7 அடி 4 அங்குல உயர ரால்ஃப் சாம்ப்சன்.

மார்ச் மாதம் முதலில் குழுக்களுக்குள் போட்டி, பிறகு தேசியப் போட்டி. தேசியப் போட்டியில் ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1983ல் அதில் 52 அணிகளுக்கு இடம் இருந்தது.

நவம்பரில் இருந்த பலம்

என்.சி. ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஜிம் வால்வானோ. நியூயார்க்காரர், இத்தாலிய வம்சாவளி, வாய் ஓயாமல் பேசுபவர். ஐயோனா என்ற சிறிய கல்லூரியிலிருந்து 1980ல் இங்கே வந்தவர். 1982 மார்ச்சில் அணியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். முதல் சுற்றிலேயே தோல்வி.

அவருக்கு அடுத்த சீசனில் கிடைத்த பெரிய சொத்து மூன்று சீனியர்கள். டெரெக் விட்டன்பர்க், சிட்னி லோ, தர்ல் பெய்லி. மூவரும் பழைய பயிற்சியாளர் நார்ம் ஸ்லோன் காலத்தில் சேர்ந்தவர்கள். விட்டன்பர்க்கும் லோவும் டிமாத்தா என்ற ஒரே பள்ளியில் சேர்ந்து விளையாடியவர்கள். லோ பந்தைக் கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுப்பார். விட்டன்பர்க் தூரத்திலிருந்து எறிவார். 6 அடி 11 அங்குல பெய்லி கூடைக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருவர் எங்கே நகர்வார் என்று மற்றவருக்குப் பார்க்காமலே தெரியும். நான்கு வருடப் பழக்கம் இல்லையா?

இரண்டாவது பலம் விதிப்புத்தகத்திலிருந்து வந்தது. 1982 ஏ.சி.சி. இறுதிப் போட்டியில் நார்த் கரோலினா வர்ஜீனியாவை 47-45 என்று வென்றது. சாம்ப்சனும் ஜோர்டானும் ஆடிய ஆட்டத்தில் இவ்வளவு குறைந்த ஸ்கோர் ஏன்? முன்னிலையில் இருந்த நார்த் கரோலினா பந்தை எறியாமலே வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டது. அப்போது கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் கிடையாது. டிவியில் பார்த்தவர்கள் கடுப்பானார்கள். அதனால் 1982-83 சீசனில் ஏ.சி.சி. இரண்டு சோதனை விதிகளைக் கொண்டு வந்தது. ஒன்று, 30 விநாடிக்குள் எறிய வேண்டும். இரண்டு, 17 அடி 9 அங்குலத் தூரத்துக்கு வெளியே இருந்து போட்டால் மூன்று புள்ளி.

17 அடி 9 அங்குலம் என்பது மிகக் கிட்ட. பின்னால் 1986ல் நாடு முழுக்க இந்த விதி வந்தபோது தூரம் 19 அடி 9 அங்குலம் ஆனது. விட்டன்பர்க், இரண்டாம் ஆண்டு மாணவர் டெரி கேனன் போன்றவர்களுக்கு அந்தக் கிட்டக் கோடு பொன்முட்டையிடும் வாத்து!

பலவீனமும் கூடவே இருந்தது

ஆரம்ப ஆட்டங்களில் சிறிய அணிகளைச் சுலபமாக வென்றார்கள். ஆனால் லூயிவில், மிசூரி என்ற இரண்டு வலுவான அணிகளிடம் தோற்றார்கள். இரண்டுமே ஏ.சி.சி.க்கு வெளியே. அதாவது அங்கே அந்தக் கிட்டக் கோடு கிடையாது. விட்டன்பர்க் 20 அடியிலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான்.

இதில்தான் அணியின் குறை வெளிப்பட்டது. அவர்களது ஸ்கோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. கூடைக்கு அடியில் பெய்லியைத் தவிர நம்பிக்கையாக ஆள் இல்லை. லோரென்சோ சார்ல்ஸ் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர் பலசாலி, ஆனால் இன்னும் பழுக்கவில்லை. மூன்று சீனியர்களில் ஒருவர் விழுந்தால் அவர் இடத்தை நிரப்ப யாரும் தயாராக இல்லை. வணிகவியல் மாணவர்கள் மொழியில் சொன்னால், மொத்த முதலீடும் மூன்றே பங்குகளில்!

நியாயமாகப் பார்த்தால் ஆரம்ப சீசன் தடுமாற்றம் அவர்களுக்கு மட்டும் வந்ததல்ல. நாட்டின் முதலிடத்தில் இருந்த சாம்ப்சனின் வர்ஜீனியாவே 1982 டிசம்பரில் ஹவாயில் சாமினேட் என்ற குட்டிக் கல்லூரியிடம் 77-72 என்று தோற்றது. பலருக்கு அப்படி ஒரு கல்லூரி இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

ஜனவரி 12

அந்த வர்ஜீனியாதான் 1983 ஜனவரி 12 அன்று என்.சி. ஸ்டேட்டுடன் மோத வந்தது. விட்டன்பர்க் அன்று தீயாக ஆடினார். 27 புள்ளிகள் எடுத்திருந்த நிலையில் எகிறிக் குதித்து இறங்கியபோது கால் பிசகியது. பாத எலும்பு முறிவு. ஆட்டத்தில் 88-80 தோல்வி. அதைவிடப் பெரிய இடி, விட்டன்பர்க்கின் கல்லூரி ஆட்டக் காலமே முடிந்துவிட்டது என்ற பேச்சு. சீனியர் ஆயிற்றே, அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

அடுத்து நார்த் கரோலினாவிடம் 99-81 என்று உதை. பிறகு வேக் ஃபாரஸ்ட், மெம்ஃபிஸ், மேரிலாண்ட் என்று தோல்விகள் வந்தன. நோட்டர்டேமிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. விட்டன்பர்க் ஆடாத ஆட்டங்கள் மொத்தம் 14.

ஆனால் இந்த 14 ஆட்டங்களில்தான் அணி மாறியது. விட்டன்பர்க் இடத்துக்கு எர்னி மையர்ஸ் என்ற முதலாண்டு மாணவர் வந்தார். டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 35 புள்ளிகள் குவித்தார்! கேனனுக்கு ஆட்டநேரம் கூடியது. வெளியிலிருந்து எறிய முக்கிய ஆள் இல்லாததால் பந்தை உள்ளே கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம். பெய்லியும் சார்ல்ஸும் அந்தச் சுமையைத் தூக்கினார்கள். பிப்ரவரி 19 அன்று, விட்டன்பர்க் இல்லாமலே, ஜோர்டானின் நார்த் கரோலினாவை 70-63 என்று வென்றார்கள்.

பிப்ரவரி கடைசியில் விட்டன்பர்க் திரும்பி வந்தார். வந்த உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடியும் தோல்விதான். ஆனால் லீக்கின் கடைசி ஆட்டத்தில் வேக் ஃபாரஸ்டை 130-89 என்று துவைத்தார்கள். இப்போது அவர்களிடம் நவம்பரில் இருந்த வெளி ஆட்டமும் இருந்தது, ஜனவரியில் கற்றுக்கொண்ட உள் ஆட்டமும் இருந்தது. லீக் முடிவில் கணக்கு 17 வெற்றி, 10 தோல்வி.

காயம் படாமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆட்டங்கள் ஜெயித்திருப்பார்கள், உண்மை. ஆனால் ஏப்ரலில் சார்ல்ஸ் எப்படி நின்றார் என்பதைப் பார்க்கும்போது, அந்தக் காயம் கொடுத்த பாடம் என்னவென்று புரியும்.

ஃபவுல் கணக்கு

17-10 என்ற கணக்கை வைத்துக்கொண்டு தேசியப் போட்டிக்கு அழைப்பு வருமா என்பது சந்தேகமே. ஏ.சி.சி. கோப்பையை வென்றால் மட்டும் நேரடி அனுமதி. அட்லாண்டாவில் வேக் ஃபாரஸ்டை 71-70, நார்த் கரோலினாவை ஓவர்டைமில் 91-84, வர்ஜீனியாவை 81-78 என்று மூன்று நாளில் மூன்று வெற்றிகள். கோப்பையும் வந்தது, அனுமதியும் வந்தது.

தேசியப் போட்டியில் ஷாட் கிளாக் இல்லை, மூன்று புள்ளிக் கோடும் இல்லை. பின்தங்கினால் எதிரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். இதற்கு வால்வானோ வைத்திருந்த மருந்துதான் வேண்டுமென்றே ஃபவுல் செய்வது.

அந்தக் கால விதிப்படி ஒரு பாதியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஃபவுல் ஆனால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அதைப் போட்டால்தான் இரண்டாவது. முதலாவதைத் தவறவிட்டால் ஒன்றும் இல்லை. ஒரு வீரர் 100க்கு 60 போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் எறிதலில் எதிர்பார்ப்பு 0.6 புள்ளி. இரண்டாவது வாய்ப்பு கிடைத்து அதையும் போட 0.36. மொத்தம் 0.96. அதாவது ஃபவுல் செய்வதால் சராசரியாக ஒரு புள்ளி கூட நஷ்டமில்லை. கடிகாரம் நிற்கிறது, பந்து கைக்கு வருகிறது, பதிலுக்கு இரண்டு புள்ளி எடுக்க வாய்ப்பு. எதிரணியில் 50 சதவீதம் போடுபவரைத் தேடிப்பிடித்து ஃபவுல் செய்தால் நஷ்டம் 0.75 ஆகக் குறைகிறது. இன்று இது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். அன்று இதைத் துணிந்து திரும்பத் திரும்பச் செய்தவர்கள் குறைவு.

முதல் சுற்றில் பெப்பர்டைன் அணியுடன் ஓவர்டைமில் பின்தங்கிக் கிடந்தார்கள். ஃபவுல் செய்தார்கள். அந்த அணியின் நல்ல ஃப்ரீ த்ரோ வீரரே தவறவிட்டார்! இரண்டு ஓவர்டைம்களுக்குப் பின் 69-67. அடுத்து யு.என்.எல்.வி. அணியை 71-70. யூட்டாவை 75-56, நிம்மதியாக ஜெயித்த ஆட்டம் இது ஒன்றுதான். பிறகு மறுபடியும் சாம்ப்சனின் வர்ஜீனியா. கடைசி நிமிடத்தில் சார்ல்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு 63-62. அரையிறுதியில் ஜார்ஜியா 67-60.

ஆல்புகர்க்கி, கடைசி விநாடி

இறுதிப் போட்டியில் எதிரி ஹூஸ்டன். 31 வெற்றி, 2 தோல்வி, தொடர்ந்து 26 ஆட்டங்களாகத் தோல்வி இல்லை. நைஜீரியாவிலிருந்து வந்த ஒலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர் என்று பின்னாளைய பெரும் நட்சத்திரங்கள். பந்தை எறிவதைவிடக் கூடைக்குள் திணிப்பதில் பேர்போனவர்கள். முந்தைய ஆட்டத்தில் லூயிவில்லை, அதே டிசம்பரில் என்.சி. ஸ்டேட்டை வென்ற லூயிவில்லை, 94-81 என்று நசுக்கியிருந்தார்கள்.

ஆல்புகர்க்கி நகரம் கடல் மட்டத்திலிருந்து 5000 அடி உயரத்தில் இருக்கிறது. வேகமாக ஓடும் அணிக்கு அங்கே மூச்சு வாங்கும். டிரெக்ஸ்லர் முதல் பாதியிலேயே நான்கு ஃபவுல் வாங்கினார். இடைவேளையில் என்.சி. ஸ்டேட் 33-25 முன்னிலை. இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் விழித்துக்கொண்டு 42-35 என்று போனது. அங்கே ஹூஸ்டன் பயிற்சியாளர் கை லூயிஸ் எடுத்த முடிவு இன்று வரை விவாதிக்கப்படுகிறது. வேகத்தைக் குறைத்து நேரத்தைக் கடத்தச் சொன்னார். ஓடிப் பழகிய அணி நின்றது. என்.சி. ஸ்டேட் பழைய மருந்தை எடுத்தது. ஃபவுல், தவறிய எறிதல், வெளியிலிருந்து ஒரு கூடை. 52-52.

சுமார் ஒரு நிமிடம் இருக்கும்போது ஹூஸ்டனின் இளம் வீரர் ஒருவரை ஃபவுல் செய்தார்கள். முதல் எறிதலே தவறியது. கடைசி எறிதலுக்காக என்.சி. ஸ்டேட் பந்தை வைத்திருந்தது. பெய்லி கொடுத்த பந்து கிட்டத்தட்ட பறிபோக, தட்டுத்தடுமாறிப் பிடித்த விட்டன்பர்க் சுமார் 30 அடியிலிருந்து அவசரமாக எறிந்தார். பந்து கூடை வரை போகவே இல்லை. கீழே நின்ற சார்ல்ஸ் எகிறி, காற்றிலேயே பிடித்து, இரண்டு கையாலும் உள்ளே திணித்தார். 54-52!

ஆரம்பத்தில் வெளியிலிருந்து எறிவதை மட்டுமே நம்பியிருந்த அணி, கடைசியில் வெளியிலிருந்து எறிந்து தவறவிட்டதை உள்ளே நின்றவர் எடுத்துப் போட்டதால் ஜெயித்தது. வால்வானோ யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் மைதானம் முழுக்க ஓடிய காட்சி அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

மொத்தம் 26 வெற்றி, 10 தோல்வி. அதுவரை எந்த தேசிய சாம்பியனும் அத்தனை தோல்வி கண்டதில்லை.

அதிசயத்தின் விலை என்ன?

இங்கே நிறுத்தினால் இனிமையான கதை. ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை.

வால்வானோ பெரிய நட்சத்திரமானார். 1989ல் அவரது அணி நிர்வாகத்தைக் குற்றம்சாட்டி ஒரு புத்தகம் வந்தது. விசாரணை நடந்தது. வீரர்கள் தங்களுக்குத் தரப்பட்ட காலணிகளையும் இலவச டிக்கெட்டுகளையும் விற்றதாகக் கண்டறியப்பட்டு, 1990 தேசியப் போட்டியில் ஆட அணிக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்த வருடமே வால்வானோ பதவி விலகினார். 1992ல் புற்றுநோய். 1993 மார்ச்சில் ஒரு விருது விழா மேடையில், விட்டுவிடாதீர்கள் என்று அவர் பேசிய பேச்சு இன்றும் பார்க்கப்படுகிறது. ஏப்ரல் 28 அன்று 47 வயதில் இறந்தார். அவர் பெயரால் தொடங்கிய அறக்கட்டளை புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டி வருகிறது. கூடையைப் போட்ட சார்ல்ஸ் பின்னாளில் பஸ் ஓட்டுநராக வேலை பார்த்தார். 2011 ஜூனில் பஸ் விபத்தில் இறந்தார்.

டிக்கெட்டை விற்றதற்குத் தண்டனை. ஆனால் ஆட்டத்தை விற்றது யார்? 1982 முதல் மூன்று வருட ஒளிபரப்புக்கு சி.பி.எஸ். டிவி கொடுத்தது 4.8 கோடி டாலர். 2010ல் போட்ட ஒப்பந்தம் 14 வருடத்துக்கு 1080 கோடி டாலர். வருடக் கணக்கில் பார்த்தால் 1.6 கோடி எங்கே, 77 கோடி எங்கே! ஒவ்வொரு மார்ச்சிலும் போட்டியை விளம்பரப்படுத்த சார்ல்ஸின் அந்தக் கூடை திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அதில் ஆடியவர்களுக்கு அதற்காக ஒரு டாலர் கூடக் கிடையாது. அமெச்சூர் என்றால் சம்பளம் வாங்கக்கூடாது என்பது விதி. விதியைப் போட்டவர்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025ல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றும் வந்துவிட்டது. அந்த 1983 அணியின் 10 வீரர்கள் 2024 ஜூனில், தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து 40 வருடமாகச் சம்பாதித்ததற்கு ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காலம் கடந்து வந்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அதே 2024 மார்ச்சில் இன்னொரு வேடிக்கை. லீக்கில் 14 தோல்வி கண்ட என்.சி. ஸ்டேட், ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்கள் ஜெயித்து ஏ.சி.சி. கோப்பையை எடுத்தது. 1983க்குப் பிறகு முதல் முறையாக தேசிய அரையிறுதிக்கும் போனது. அங்கே பர்டூவிடம் தோற்றது. டிவிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பழைய கூடை மறுபடியும் திரையில்!

ஒரு சீசனின் ஆரம்பத் தோல்விகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் 1983 அணியின் 10 தோல்விகளையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கூடை மட்டுமே. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். அதிர்ஷ்டத்துக்கு யாரும் கூலி கேட்க முடியாது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தோற்றுத் தோற்று உழைத்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான், அது வேலை என்பது தெரியும். வேலை என்றால் அதற்குக் கூலி என்ற கேள்வியும் வரும். 1983ல் அந்தக் கேள்வியைக் கேட்க யாருமில்லை. 2024ல் கேட்டபோது நேரம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.